இதுக்கு என்னைத் தெரியுமா?

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத்துக்கு மேல் இரும்போடும் கிரீஸோடும் புழங்கிய விரல்கள். ரேகை தேய்ந்து போய்விட்டது. பென்ஷன் நிற்காமல் வர, நவம்பர் மாதம் வந்தால் 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று சான்று கொடுக்க வேண்டும். கைரேகைக் கருவியில் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி வைத்து, கடைசியில் "பெரியவரே, ஒண்ணும் ஏறல" என்று கடைப் பையன் கையை விரிப்பான்.

இப்போது அந்தத் தொல்லை இல்லை. போனை முகத்துக்கு நேரே பிடித்தால் போதும். முதல் தடவை ஜன்னலுக்கு முதுகு காட்டி அவரை உட்கார வைத்தது என் தப்பு. பின்னால் வெளிச்சம், முகத்தில் இருட்டு. இடம் மாற்றி உட்கார வைத்ததும், கண்ணை இமைக்கச் சொன்னது, இமைத்தார், முடிந்தது. அப்பாவுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இதுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியாதுப்பா" என்றேன். சரியான பதில்தான், ஆனால் அரைகுறை. மீதிப் பதில் கொஞ்சம் நீளம். முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் இந்த 'முகமறிதல்' எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

எண்களாகும் முகம்

நமக்கு முகம் என்றால் ஆள். இயந்திரத்துக்குப் படம் என்றால் எண்கள். ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம் என்று குறித்து வைத்த ஒரு பெரிய கட்டம், அவ்வளவே. அந்தக் கட்டத்துக்குள் முகம் என்று ஒன்று இருக்கிறதா, இருந்தால் எந்த இடத்தில் என்று தேடுவது முதல் வேலை. போன் கேமராவில் படம் எடுக்கும்போது முகத்தைச் சுற்றி ஒரு சதுரம் வருமே, அது இந்த வேலையின் விளைவு. 2001-ல் பால் வியோலா, மைக்கேல் ஜோன்ஸ் என்ற இருவர் இதை மின்னல் வேகத்தில் செய்ய ஒரு வழி கண்டார்கள். கண் பகுதி கன்னத்தைவிடக் கறுப்பாகத் தெரியும். மூக்குத்தண்டு இரண்டு பக்கக் கண்களையும்விட வெளிச்சமாகத் தெரியும். இப்படிப்பட்ட சின்னச் சின்ன வெளிச்ச, நிழல் சோதனைகளை வரிசையாக அடுக்கினார்கள். முதல் சோதனையிலேயே தோற்ற இடத்தை உடனே தள்ளிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடலாம். அதனால் சாதாரணக் கேமராவிலும் இது ஓடியது.

இதுவரைக்கும் யாருடைய முகம் என்பது தெரியாது. 'இங்கே ஒரு முகம் இருக்கிறது' என்பது மட்டும் தெரியும். இரண்டையும் பலர் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். கடைக்குள் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணும் கேமராவும், வந்தது யார் என்று சொல்லும் கேமராவும் வேறு வேறு.

முகம் கிடைத்தபின், சாய்ந்த தலையை நிமிர்த்தி, கண்கள் ஒரே மட்டத்தில் வருமாறு படத்தைச் சரிசெய்துகொள்ளும். அப்புறம்தான் கடினமான வேலை: அந்த முகத்தை இன்னொரு முகத்தோடு ஒப்பிடும்படி எண்களாக மாற்றுவது.

இதை முதலில் முயன்றவர் அமெரிக்கக் கணித அறிஞர் உட்ரோ பிளெட்சோ. காலம் 1960-களின் நடுப்பகுதி. இடம் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ. பணம் கொடுத்தது பெயர் வெளியே தெரியக்கூடாத ஒரு உளவு அமைப்பு. அன்றைய கணினிக்குப் படத்தில் கண் எது, காது எது என்று தெரியாது. அதனால் ஒரு ஆள் உட்கார்ந்து, ஒவ்வொரு புகைப்படத்திலும் கருவிழியின் நடு, கண்ணின் உள் முனை, வெளி முனை, நெற்றியில் முடி தொடங்கும் இடம் என்று புள்ளி வைத்துக் கொடுத்தார். அந்தப் புள்ளிகளிலிருந்து இருபது தூரங்களைக் கணினி கணக்கிட்டது. மணிக்கு நாற்பது படம் போல வேலை நடந்தது. தலை திரும்பினால், வெளிச்சம் மாறினால், சிரித்தால், வயதானால் கணக்கு தப்பிவிடுகிறது என்று பிளெட்சோ அப்போதே எழுதி வைத்தார். அறுபது வருஷம் கழித்து நான் அப்பாவை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இடம் மாற்றி உட்கார வைத்ததும் அந்தப் பட்டியலில் உள்ள ஒரு காரணத்துக்காகத்தான்.

இதே காலத்தில் ஜப்பானில் ஒரு வேடிக்கை நடந்தது. 1970-ல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியில், பார்வையாளர்களைப் படம் எடுத்து 'நீங்கள் இன்ன பிரபலத்தின் சாயல்' என்று கணினி சொல்லும் ஒரு அரங்கு இருந்தது. அங்கே சேர்ந்த படங்கள் பிறகு கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தகேயோ கனாடேயின் ஆய்வுக்குப் போயின. ஆள் புள்ளி வைக்காமல் கணினியே கண், மூக்கு, வாயைக் கண்டுபிடிக்கும் அந்த ஆய்வு 1973-ல் வந்தது. விளையாட்டாக வந்து நின்றவர்களின் முகம் ஆய்வுப் பொருளானது அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

ஜாடை பார்த்தல்

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் என்ன செய்வோம்? கண்ணு அம்மா ஜாடை, நெத்தி அப்பா ஜாடை, முகவாய் மட்டும் அப்படியே அத்தை என்று பிரித்துப் போடுவோம். ஒரு புதிய முகத்தை, தெரிந்த முகங்களின் கலவையாகச் சொல்கிறோம். 1991-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மேத்யூ டர்க், அலெக்ஸ் பென்ட்லண்ட் இருவரும் செய்தது ஏறத்தாழ இதுதான். நிறைய முகங்களை எடுத்து, அவற்றின் சராசரி முகத்தைக் கணக்கிட்டு, அந்தச் சராசரியிலிருந்து முகங்கள் எந்தெந்த வழிகளில் விலகுகின்றன என்று பார்த்தார்கள். அந்த விலகல்களைப் படமாகப் போட்டால் ஆவி போல மங்கலான முகங்கள் தெரியும். அப்படிச் சில பத்து ஆவி முகங்கள் போதும். எந்த முகத்தையும் 'முதலாவதில் இவ்வளவு, இரண்டாவதில் இவ்வளவு' என்று ஒரு எண் வரிசையாக எழுதிவிடலாம். அழகான யோசனை. ஆனால் வெளிச்சம் மாறினால் இதற்கும் தலை சுற்றும்.

பெரிய திருப்பம் 2014-ல் வந்தது. ஃபேஸ்புக்கின் 'டீப்ஃபேஸ்' என்ற நிரல், பிரபலங்களின் படங்கள் அடங்கிய ஒரு பொதுத் தேர்வில் 97.35 சதவீதம் எடுத்தது. அதே தேர்வில் மனிதர்கள் எடுத்தது 97.53. அடுத்த வருஷம் கூகுளின் 'ஃபேஸ்நெட்' 99.63-ஐத் தொட்டது. எதைப் பார்க்க வேண்டும் என்று இவற்றுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஃபேஸ்நெட்டுக்குப் பாடம் நடந்த விதம் எளிமையானது. மூன்று படங்களைக் காட்டுவது; இரண்டு ஒரே ஆளுடையவை, மூன்றாவது வேறு ஆளுடையது. ஒரே ஆளின் படங்களுக்கு வரும் எண்கள் நெருங்கி வரும்படியும், வேற்றாளுக்கு வருபவை விலகிப் போகும்படியும் உள்ளே இருக்கும் திருகுகளைத் துளித் துளியாக முறுக்குவது. இதையே கோடிக்கணக்கான படங்களை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்தால், எந்த அடையாளம் முக்கியம் என்று அதுவே ஒரு வழியைப் பிடித்துக்கொள்கிறது. என்ன வழி என்று கேட்டால் செய்தவர்களாலேயே முழுசாகச் சொல்ல முடியாது.

ஃபேஸ்நெட் ஒரு முகத்துக்கு 128 எண்களைக் கொடுக்கும். திருச்சி எங்கே என்று கேட்டால் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்களில் சொல்கிறோம் அல்லவா? அதுபோல முகத்துக்கு 128 எண்களில் ஒரு முகவரி. என் அப்பாவின் பத்து படங்களும் அந்த ஊரில் ஒரே தெருவுக்குள் விழ வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் படம் வேறு தெருவில் விழ வேண்டும். பெரியப்பா அதே தெருமுனையில் இருந்தாலும் ஆச்சரியமில்லை. இந்த எண் வரிசையைத்தான் 'டெம்ப்ளேட்' என்கிறார்கள். சேமிப்பதும் ஒப்பிடுவதும் பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

ஆக, அப்பாவுக்கு முதல் பாதிப் பதில்: இதற்கு உங்களைத் தெரியாது. உங்கள் முகத்துக்கு இப்போது வந்த எண்களும், ஆதார் எடுத்தபோது பிடித்த படத்துக்கு வரும் எண்களும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று மட்டும் தெரியும்.

இரண்டு கேள்விகள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். முகத்தை வைத்துக் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டு.

முதல் கேள்வி: நீ சொல்கிற ஆள்தானா நீ? கல்யாண மண்டப வாசலில் ஒருவர் "நான் சுப்பையா மகன்" என்கிறார். சுப்பையா மகனின் முகம் உங்கள் நினைவில் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்து "வாங்க தம்பி" என்கிறீர்கள். போன் திறப்பது, அப்பா சான்று கொடுப்பது எல்லாம் இந்த வகை. அப்பா முதலில் தன் ஆதார் எண்ணைக் கொடுத்துவிட்டார். ஒப்பிட வேண்டியது ஒரே ஒரு முகத்தோடுதான்.

இரண்டாவது கேள்வி: யார் இது? அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் நின்றுகொண்டு, கையில் உள்ள ஒரு படத்தில் இருப்பவனைக் கூட்டத்தில் தேடுவது. அல்லது தலைகீழாக, ஒரு மங்கலான படத்தை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான படங்கள் உள்ள பெட்டியில் துழாவுவது. காவல்துறையின் வேலை பெரும்பாலும் இந்த வகை.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தோன்றும். உள்ளே ஓடும் நிரல்கூட ஒன்றாகவே இருக்கலாம். கணக்கு மட்டும் அடியோடு மாறிவிடும். உதாரணத்துக்கு, வேற்றாளைத் தவறாக 'இவர்தான்' என்று சொல்லிவிடும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்விக்கு இது நல்ல பூட்டு. என் அப்பாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் ஒரு ஏமாற்றுக்காரர் உள்ளே நுழைய பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு. அதே நிரலை 50 லட்சம் படங்கள் உள்ள பெட்டியில் ஒரு படத்தைத் தேடவிடுங்கள். 50 லட்சத்தைப் பத்தாயிரத்தால் வகுத்தால் 500. சம்பந்தமே இல்லாத 500 பேர் 'இவராக இருக்கலாம்' என்று மேலே வருவார்கள். தேடுகிற ஆள் அந்தப் பெட்டியிலேயே இல்லாவிட்டாலும் அந்த 500 பேர் வருவார்கள்!

ஆதார் பதிவின்போது முகத்தோடு பத்து விரல் ரேகையும் இரண்டு கருவிழியும் எடுத்ததற்குக் காரணம் இதுதான். ஒரே ஆள் இரண்டு தடவை பதிகிறாரா என்று பார்க்க, புதிதாக வரும் ஒவ்வொருவரையும் ஏற்கெனவே பதிந்த எல்லோரோடும் ஒப்பிட வேண்டும். நூறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் உள்ள பட்டியலில் அந்தச் சுமையை முகம் மட்டும் தாங்காது.

இது வெறும் கணக்கு இல்லை. 2017 ஜூனில் வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப் போட்டி நடந்தது. தேடப்படுபவர்களைப் பிடிக்க அங்கே போலீஸ் கேமராக்களை வைத்தது. 'இவன்தான்' என்று கருவி கை காட்டியது 2,470 தடவை. அதில் 2,297 தடவை அது தப்பு.

நியாயமாகச் சொன்னால், அதற்குப் பிறகு நிரல்கள் மிகவும் முன்னேறிவிட்டன. இவற்றைத் தொடர்ந்து பரிசோதிக்கும் அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட், 2010-களின் தொடக்கத்தில் பெட்டியில் இருக்கும் ஆளையே கண்டுபிடிக்காமல் தவறவிட்ட தேடல்கள் நூற்றுக்கு நான்கைந்து என்றும், 2018-ல் சிறந்த நிரலுக்கு அது 0.2 ஆகக் குறைந்துவிட்டது என்றும் கண்டது. ஆனால் அவை நன்றாக எடுத்த படங்கள். கடை மூலையில் தொங்கும் தூசி படிந்த கேமராவின் படம் அந்த ரகம் இல்லை.

பாஸ் மார்க் போடுவது யார்

அப்பாவுக்குப் போன் 'சரி' என்று சொன்னது. உள்ளே நடந்தது அப்படியல்ல. உள்ளே வருவது மார்க் மட்டும்: இந்த இரண்டு முகங்களுக்கும் ஒற்றுமை இவ்வளவு என்று. எவ்வளவு எடுத்தால் பாஸ் என்று முடிவு செய்வது மனிதர்கள். பத்தாம் வகுப்பில் 35 எடுத்தால் பாஸ் என்பது எப்படி ஒரு நிர்வாக முடிவோ, அப்படித்தான் இதுவும்.

பாஸ் மார்க்கை ஏற்றினால் ஏமாற்றுக்காரர்கள் நிற்பார்கள். கூடவே உண்மையான ஆட்கள் சிலரும் வெளியே நிற்பார்கள். காய்ச்சலில் முகம் வாடிய பெரியவர், மொட்டை போட்டுக்கொண்டு பழனியிலிருந்து வந்தவர். குறைத்தால் எல்லோரும் சுலபமாக உள்ளே வரலாம், வேற்றாளும் வரலாம். இரண்டு தப்பையும் ஒரே நேரத்தில் பூஜ்யமாக்க முடியாது. எந்தத் தப்பு நடந்தால் பரவாயில்லை என்று யாரோ ஒருவர் தேர்ந்தெடுக்கிறார். விளம்பரத்தில் '99 சதவீதத் துல்லியம்' என்று வரும்போது அந்தத் தேர்வு வெளியே தெரியாது. எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் உள்ள முதல் வருத்தமே இதுதான்.

2018-ல் அமெரிக்காவின் சிவில் உரிமைச் சங்கமான ஏ.சி.எல்.யூ. ஒரு சோதனை செய்தது. அமேசான் விற்றுவந்த முகமறியும் சேவையை எடுத்து, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருடைய படங்களையும் கைதானவர்களின் 25,000 படங்களோடு ஒப்பிட்டது. 28 உறுப்பினர்கள் கைதானவர்கள் என்று வந்தது. அமேசான் சொன்ன பதில்: நீங்கள் 80-ஐ பாஸ் மார்க்காக வைத்தீர்கள், போலீஸ் வேலைக்கு அது போதாது. ஆனால் அந்த 80, சேவையை வாங்கியதும் தானாக இருக்கும் அளவு. மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்தான் மாற்றுவார்.

இந்த 80 நம் நாட்டிலும் தலைகாட்டியது. டெல்லி போலீஸ், ஒற்றுமை 80 சதவீதத்துக்கு மேல் வந்தால் அதைச் சரியான பொருத்தமாக எடுத்துக்கொள்கிறது என்பது 2022-ல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்கு வந்த பதிலில் தெரிந்தது. ஒற்றுமை 80 சதவீதம் என்றால் 'அவராக இருக்க 80 சதவீத வாய்ப்பு' என்று பலர் படித்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அது வெறும் தூரக் கணக்கு. அந்த நிரலில் 80 எடுக்கும் வேற்றாட்கள் எத்தனை பேர் என்று தனியாகச் சோதித்தால்தான் அந்த எண்ணுக்கு ஒரு அர்த்தம் வரும். காணாமல்போன குழந்தைகளைத் தேட 2018-ல் இதே நகரத்தில் முகமறிதல் பயன்பட்டபோது, துல்லியம் 2 சதவீதம் என்று போலீஸே உயர் நீதிமன்றத்தில் சொன்னது. குழந்தையின் முகம் இரண்டு வருஷத்தில் எவ்வளவு மாறிவிடும் என்று யாராவது ஒரு பாட்டியைக் கேட்டிருக்கலாம்.

தப்பான பொருத்தம் ஒரு வீட்டுக்குள் வந்தால் எப்படி இருக்கும்? அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு கடையில் 2018-ல் கைக்கடிகாரங்கள் திருடு போயின. கேமராவில் பதிந்த மங்கலான படத்தைப் பெட்டியில் போட்டுத் தேடியதில், ஒருவரின் பழைய ஓட்டுநர் உரிமப் படம் மேலே வந்தது. 2020 ஜனவரியில், மனைவியும் சின்னப் பெண் குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டு வாசலிலேயே அவருக்கு விலங்கு போட்டார்கள். ஏறத்தாழ 30 மணி நேரம் உள்ளே இருந்தார். விசாரணையில் அந்தப் படத்தைக் காட்டியபோது அவர் அதைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டும் வேறு வேறு ஆள் என்று எதிரே இருந்தவர்களுக்கும் தெரிந்தது. 2024-ல் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. இனி முகப் பொருத்தத்தை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக்கூடாது என்பதை டெட்ராய்ட் போலீஸ் விதியாகவே ஏற்றுக்கொண்டது.

அவர் கறுப்பினத்தவர். தற்செயல் என்று சொல்லிவிட முடியவில்லை. 2018-ல் ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள், முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று பெரிய நிறுவனங்களின் நிரல்களைச் சோதித்தார்கள். வெளுத்த தோல் ஆண்களிடம் அதிகபட்சத் தப்பு 0.8 சதவீதம், கறுத்த தோல் பெண்களிடம் 34.7 வரை போனது. 2019-ல் நிஸ்ட் 189 நிரல்களைச் சோதித்தபோது, வேற்றாளை 'இவர்தான்' என்று சொல்லும் தப்பு ஆப்பிரிக்க, கிழக்காசிய முகங்களில் பல நிரல்களில் பத்திலிருந்து நூறு மடங்கு அதிகம் என்று கண்டது. சீனாவில் உருவான சில நிரல்களுக்குக் கிழக்காசிய முகங்களில் இந்தக் கோளாறு இல்லை. எந்த முகங்களைப் பார்த்து வளர்ந்ததோ அவற்றைத்தான் நன்றாகப் பிரித்தறிகிறது. வெளிநாட்டில் இறங்கிய புதிதில் நமக்கும் எல்லோரும் ஒரே மாதிரி தெரிவார்களே!

"செத்தவன் போட்டோவைக் காட்டினா?"

அப்பாவின் அடுத்த கேள்வி இது. பென்ஷன் வாங்குபவர்களுக்குத் தோன்றக்கூடிய நியாயமான சந்தேகம். 2011-ல் ஆண்ட்ராய்டு போன்களில் முகம் காட்டித் திறக்கும் வசதி வந்தபோது, ஒரு படத்தைக் காட்டியே அதை ஏமாற்றினார்கள். அடுத்த பதிப்பில் கண் இமைக்கச் சொல்லும் சோதனையைச் சேர்த்தார்கள். அப்பாவை இமைக்கச் சொன்னதும் அதற்காகத்தான். எதிரே இருப்பது காகிதமா, உயிருள்ள ஆளா என்று பார்க்க. 2017-ல் வந்த ஐபோன் எக்ஸ் இன்னொரு வழியில் போனது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகள் முப்பதாயிரத்துக்கு மேல் முகத்தில் தெளித்து, மேடு பள்ளத்தை அளந்தது. தட்டையான படத்துக்கு மூக்கு இல்லை. வேற்றாள் திறக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று ஆப்பிள் சொன்னது. கூடவே இரட்டையர்களுக்கும் சாயல் ஒத்த உடன்பிறப்புகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்றும் சொல்லிவிட்டது. முகமூடி செய்து ஏமாற்றிக் காட்டியவர்களும் உண்டு. இந்த ஓட்டப்பந்தயம் முடியாது.

கொரோனாக் காலத்தில் எல்லோரும் முகக்கவசம் போட்டபோது நிரல்கள் ரொம்பவே திணறின. 2020 ஜூலையில் நிஸ்ட் சோதித்ததில், கவசமில்லாமல் 0.3 சதவீதம் தவறிய சிறந்த நிரல்களே கவசத்தோடு ஐந்து சதவீதம் வரை தவறின. சுமாரானவை இருபதிலிருந்து ஐம்பது வரை. பிறகு கண்ணையும் புருவத்தையும் மட்டும் வைத்துக் கற்றுக்கொண்டு சமாளித்தன.

நீங்கள் கொடுக்காமலே எடுக்கலாம்

விரல் ரேகை வேண்டுமென்றால் நீங்கள் விரலை வைக்க வேண்டும். கருவிழி வேண்டுமென்றால் கருவிக்கு முன்னால் கண்ணைக் காட்ட வேண்டும். முகத்துக்கு அது தேவையில்லை. நீங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே எதிர்த் தெருவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மற்ற உடலடையாளங்களிலிருந்து முகத்தைப் பிரிப்பது இந்த ஒரு குணம்தான். அப்பாவுக்கு வரமாக இருந்ததும் இதுவே, கவலைக்குக் காரணமும் இதுவே.

கிளியர்வியூ ஏஐ என்ற அமெரிக்க நிறுவனம் சமூக ஊடகங்களிலிருந்தும் வலைத்தளங்களிலிருந்தும் 300 கோடிக்கு மேல் படங்களை அள்ளி, யாரையும் கேட்காமல், போலீஸுக்குத் தேடுபெட்டியாக விற்றது 2020 ஜனவரியில் வெளியே வந்தது. மருமகள் வளைகாப்புக்குப் போட்ட படமும் அந்த மாதிரிப் பெட்டிக்குள் போகலாம். 2021 நவம்பரில் ஃபேஸ்புக், படங்களில் ஆட்களைத் தானாக அடையாளம் காட்டும் வசதியை நிறுத்தி, நூறு கோடிக்கும் அதிகமானவர்களின் டெம்ப்ளேட்டுகளை அழிப்பதாகச் சொன்னது. இணையத்திலிருந்து இப்படிக் கண்டபடி முகங்களை அள்ளுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில் தடைசெய்தது.

தமிழ்நாட்டு போலீஸும் 2021 அக்டோபரிலிருந்து முகமறியும் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துகிறது. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் கொல்கத்தா பிரிவு செய்து கொடுத்தது. ரோந்து போகும் காவலர் சந்தேகப்படும் ஒருவரைப் போனில் படம் எடுத்து, பழைய வழக்குகளில் உள்ள படங்களோடு ஒப்பிடலாம். 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள் யாரோ அத்துமீறி நுழைந்தார்கள் என்ற செய்தி வந்தது. ஒரு கணக்கின் கடவுச்சொல் வெளியே போனதாகப் போலீஸ் தரப்பு சொன்னது. கடவுச்சொல் போனால் வேறு கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாம். முகத்தின் டெம்ப்ளேட் போனால் என்ன வைத்துக்கொள்வது?

சட்டம் என்று பார்த்தால், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. ஆனால் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க அதே சட்டம் மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. டெட்ராய்ட் விதியைப் போல 'முகப் பொருத்தத்தை மட்டும் நம்பிக் கைது கூடாது' என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒரு வரி அந்தச் சட்டத்தில் இல்லை.

"கடைசியில ஒரு மனுஷன் சரிபார்ப்பார்ல" என்று அப்பா கேட்டார். அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. தெரிந்த முகத்தைக் கண்டுபிடிப்பதில் நாம் கில்லாடிகள். தெரியாத முகத்தைப் படத்தோடு ஒப்பிடுவதில் சுமார்தான். ஆஸ்திரேலியாவில் பாஸ்போர்ட் அதிகாரிகளை வைத்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், வேறொருவரின் படம் ஒட்டிய அட்டையை அவர்கள் ஏழில் ஒரு தடவை சரியென்று விட்டுவிட்டார்கள். நாள் முழுக்க அதே வேலையைச் செய்பவர்கள் அவர்கள். அதிலும் கணினி ஏற்கெனவே 'இவர்தான்' என்று சொல்லிவிட்டால், எதிர்த்துச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

போன வருஷம் தம்பி வீட்டுக்குப் போக அப்பாவும் நானும் சென்னை விமான நிலையத்தில் நின்றோம். டிஜி யாத்ரா வரிசை காலியாக இருந்தது. 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாராணசியில் ஆரம்பித்துப் பிறகு சென்னைக்கும் வந்த வசதி. முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். விருப்பம் இருந்தால் மட்டும்தான்; இல்லாவிட்டால் வழக்கமான வரிசையில் அட்டையைக் காட்டிப் போகலாம். அப்பா வழக்கமான வரிசையில்தான் நின்றார். வாசலில் இருந்த காவலர் ஆதார் அட்டையைப் பார்த்தார். அதில் அப்பாவுக்குக் கறுப்பு மீசை, முழு முடி. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். அப்பா காரணமே இல்லாமல் கண்ணை ஒரு தடவை இமைத்தார். காவலர் எவ்வளவு மார்க் போட்டாரோ, "போங்க சார்" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.